ஓசி பேப்பரும் ஒரு டம்ளர் பாலும்

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, பின்வரிசையில் இப்போதே தலையைக் குனிந்து செல்போன் பார்த்துக்கொண்டிருக்கும் எதிரணி ஆதரவாளர்களே, வணக்கம்.

"நாட்டு நடப்பைப் புரியவைப்பது டீக்கடை பெஞ்சா, செல்போன் திரையா?" பெஞ்சுதான் என்று பேச நான்கு பக்கம் குறிப்பு எழுதி வந்தேன். ஆனால் எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி போகிற போக்கில், "டீக்கடை பெஞ்சுக்காரங்க எல்லாம் ஓசி பேப்பர் கோஷ்டி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நீங்களும் கைதட்டினீர்கள். குறிப்பை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். முதலில் இந்தக் கணக்கைத் தீர்ப்போம்.

ஆமாம் தம்பி, ஓசிதான். மேடை ஏறுமுன் இந்த மண்டபத்து வைஃபை பாஸ்வேர்டு என்னவென்று என்னிடம் வந்து கேட்டது யார்? அது என்ன, காசு கொடுத்து வாங்கியதா?

1942-ல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் 'தந்தி'யைத் தொடங்கினார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கும் புரிகிற தமிழில் செய்தி வந்தது. டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, படிக்கத் தெரியாத நாலு பேர் கேட்டார்கள். எங்கள் திருவல்லிக்கேணி நாயர் கடையில் ஒரே பேப்பர்தான். விளையாட்டுப் பக்கம் மேன்ஷன் பையனிடம், சினிமா பக்கம் ஆட்டோக்காரரிடம், வரி விளம்பரம் வீட்டு புரோக்கரிடம். தலையங்கம் வடைக்கு எண்ணெய் ஒற்ற. முதல் பக்கம் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதை மற்றவர்கள் கேட்டாக வேண்டும். பிடிக்கவில்லை என்று எழுந்து போக முடியாது, டீக்குக் காசு கொடுத்தாச்சு. பிளாக் பண்ணவும் முடியாது, தொடை ஒட்டித்தான் உட்கார்ந்திருக்கிறார்.

சரி, கதைக்கு வருகிறேன். 1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. எனக்கு 11 வயது. டெல்லியில் விடியுமுன்னே ஒரு பிள்ளையார் ஸ்பூனில் பால் குடித்தாராம். வாட்ஸ்அப் கிடையாது, வெறும் எஸ்.டி.டி. பூத். அதற்கே மத்தியானத்துக்குள் எங்கள் தெருமுனைப் பிள்ளையார் வரைக்கும் வரிசை வந்துவிட்டது. நாயர் கையை விரித்தார்: "பால் முழுக்க பிள்ளையார்க்கு. நிங்ஙளுக்கு கட்டஞ்சாயா."

பெஞ்சில் ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார் ஒருவர். ஒரு ஸ்பூனை டீ கிளாஸில் முட்டவைத்து விளக்கிக்கொண்டிருந்தார். தும்பிக்கையில் ஸ்பூன் பட்டதும் பரப்பு இழுவிசை பாலை இழுத்துக்கொள்ளும், அப்புறம் மெல்லிய படலமாகச் சிலை மேலேயே வழிந்து இறங்கும், கண்ணுக்குத் தெரியாது என்றார். டெல்லியில் அரசு விஞ்ஞானிகளும் பாலில் வண்ணம் கலந்து கொடுத்து இதைத்தான் காட்டினார்கள். பெஞ்சில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். மீதிப்பேர் வரிசை எவ்வளவு நகர்ந்தது என்று எட்டிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் வரிசையில் என் அப்பாவைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் முன்னறையில் பெரியார், சமையலறையில் பிள்ளையார். நடுவில் நிலைப்படிதான் எல்லைக்கோடு. அன்றைக்கு அம்மாவுக்கு நல்ல காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. அதனால் அப்பா. கறுப்புச் சட்டை. கையில் எவர்சில்வர் டம்ளர். டம்ளரில் பால். பாலுக்குள் ஸ்பூன். நடுவர் அவர்களே, பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, இன்னொரு தடவை சொல்கிறேன். கறுப்புச் சட்டை! எவர்சில்வர் டம்ளர்! பால்! ஸ்பூன்! வரிசையோ நாயர் கடையை உரசிக்கொண்டுதான் போகிறது. இருபது வருஷமாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கடவுள் இல்லை என்று பேசிய மனிதர்!

பெஞ்சில் மூச்சு இல்லை. அப்பா தரையைப் பார்க்கிறார். கடைசியில் அத்தர் கடை பாய் எழுந்து போய் அவர் காதோடு சொன்னார்: "அண்ணே, ஸ்பூனை லேசாச் சாய்ச்சுப் பிடிங்க. நேராப் பிடிச்சா இறங்காதாம், வாத்தியார் சொல்றாரு."

பகுத்தறிவுக்காரர் கையில் பால், இயற்பியல் வாத்தியாரின் யோசனை, அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது பாய், போய்ச் சேர வேண்டிய இடம் பிள்ளையார்! இன்றைக்கு என்றால் நாலு கோணத்தில் போட்டோ எடுத்திருப்பார்கள். சாயங்காலத்துக்குள் அப்பா மீம் ஆகியிருப்பார். அப்பா என்னைப் பார்த்து முறைத்தார். பாதி பன்னோடு வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

மணி அடிக்கிறீர்கள். இரண்டே நிமிடம் நடுவரே, போன அணிக்கும் கொடுத்தீர்கள்.

2016 நவம்பரில் 2000 ரூபாய் நோட்டுக்குள் சிப் இருக்கிறது என்று திரையில் வந்தது. நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காத குடும்பம் உண்டா? நாயர் ஒரே வரியில் முடித்தார்: "சிப் உண்டோ இல்லையோ, சில்லறை இல்லா." 2023-ல் அந்த நோட்டையே திரும்பப் பெறுகிறோம் என்று அறிவித்தார்கள். சிப்பை மட்டும் யாரும் காணவில்லை.

2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒரு ஃபார்வர்டு சுற்றியது. திருவண்ணாமலைப் பக்கம் குலதெய்வம் கும்பிடப் போன சென்னைக் குடும்பத்தில் ஒரு மூதாட்டி. வழியில் பார்த்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அடித்தே கொன்றுவிட்டார்கள். அந்த மாதிரிச் சாவுகளுக்குப் பிறகுதான், ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாது என்று வாட்ஸ்அப்பே கட்டுப் போட்டது. ஐந்து பேர். ஒரு பெஞ்சு அவ்வளவுதானே தம்பி கொள்ளும்?

வாதம் போதும். அப்பா கதையில் ஒரு பாதி பாக்கி இருக்கிறது.

அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்ததும், அம்மா போர்வைக்குள்ளிருந்து, "குடிச்சாராங்க?" என்றாள். அப்பா பெரியார் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "குடிச்சாரு" என்றார். அம்மா காலி டம்ளரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஆறு வருஷத்துக்கு முன் அப்பா போனார். சடங்கு ஒன்றும் வேண்டாம் என்று எழுதிவைத்திருந்தார், செய்யவில்லை. ஒரு வாரம் கழித்து அத்தர் கடை பாய் துக்கம் கேட்க வந்தார். கம்பை ஊன்றிக்கொண்டு மாடி ஏறினார். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"அன்னிக்கு அண்ணன் முறை வர்றதுக்குள்ள பூசாரி கேட்டைச் சாத்திட்டாரும்மா. அண்ணன் அப்படியே நின்னாரு. அப்புறம் பாலைக் கொண்டாந்து நாயர்கிட்ட கொடுத்தாரு. நாங்க அஞ்சு பேரு டீ குடிச்சோம். வீட்ல சொல்லிடாதீங்கன்னாரு."

அத்தனை வருஷம் அந்தப் பெஞ்சிலிருந்து ஒரு வார்த்தை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஐந்து பேரும் அம்மாவை அதே தெருவில் தினமும் பார்த்தவர்கள்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "சக்கரையாவது போட்டுக் குடிச்சீங்களா பாய்?"