விசா வந்த வீடும் முகாம் வீடும்

நேயர்களுக்கு வணக்கம்.

குளச்சலை அடுத்த கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்தவள் நான். எங்கள் தெருவில் 'விசா வந்துவிட்டது' என்ற செய்தி கல்யாணச் செய்தியைப் போலப் பரவும். அன்று மாலையே அந்த வீட்டுப் பெண்ணின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போய்விடும். ஏஜென்டுக்குப் பணம் கட்ட வேண்டுமே! பட்டினி கிடப்பவர்கள்தான் நாடு விட்டு நாடு போகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அடகு வைக்கப் பொட்டுத் தங்கமும் இல்லாதவர் ஊரிலேயே கிடப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் கையில் உள்ளவர், அதுவும் கரைந்துபோகும் முன்னே கிளம்புகிறார்.

என் தம்பியும் அப்படித்தான் கிளம்பினான். மீன்பாடு குறைந்தது, டீசல் விலை ஏறியது. வள்ளத்துக்கு வாங்கிய கடனின் வட்டிக்கே பிடித்த மீன் போதவில்லை. மாமா மகன் ஏற்கெனவே பஹ்ரைனில் படகு வேலையில் இருந்தான். அவன்தான் அர்பாபிடம், அதாவது அங்குள்ள முதலாளியிடம், சொல்லி விசா எடுத்துக் கொடுத்தான். முன்னே போனவரின் தடம் பிடித்துத்தான் அடுத்தவரும் போகிறார். எங்கள் ஊரில் தெருவே கூட்டமாக ஒரே துறைமுகத்துக்குப் போனது அதனால்தான்.

போய் இறங்கிய அன்றே முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். கஃபாலா என்ற அந்த ஏற்பாட்டில், தொழிலாளி அந்த நாட்டில் தங்கும் உரிமையே முதலாளியின் கையெழுத்தில் தொங்குகிறது. தம்பிக்கு மாதச் சம்பளம் கிடையாது, மீனில் பங்குதான். காற்றடித்துப் படகு கட்டிக்கிடக்கும் நாட்களில் அந்தப் பங்கும் இல்லை. எத்தனை வருடம் உழைத்தாலும் அங்கே குடியுரிமை கிடைப்பது மிக அரிது. ஆனால் நோன்பு மாதத்தில் பக்கத்து அரபி வீட்டிலிருந்து தினமும் ஒரு தட்டு ஹரீஸ் என்ற கோதுமை, இறைச்சிக் கஞ்சி வரும் என்று தம்பி சொல்வான். சட்டம் கதவைச் சாத்திய நாட்டில் அண்டை வீடு திறந்திருந்தது.

நம் குமரி மாவட்டத்துக்கும் கடல் தாண்டி வந்தவர்கள் உண்டு. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். பெருமாள்புரம், பழவிளை, கோழிவிளை முகாம்களை நீங்கள் அறிவீர்கள். அவர்கள் பேசுவதும் தமிழ்தான். ஆனாலும் ஆசிரியையான நான் பாடம் நடத்தும் வகுப்பில் 'அகதிப் பிள்ளை' என்ற சொல்லை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். 2021இல் அரசு அந்த இடங்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. அந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்றேன்.

ஒருநாள் பத்தாம் வகுப்பில் ஒரு படிவம் நிரப்பச் சொன்னேன். 'நாட்டுரிமை' என்ற கட்டத்தில் மற்ற பிள்ளைகள் யோசிக்காமல் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்கள். முகாமிலிருந்து வரும் ஒரு பெண்ணின் பேனா மட்டும் அங்கேயே நின்றது. "டீச்சர், இதில் நான் என்ன எழுத வேண்டும்?" என்று கேட்டாள். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை அவள். 1987 ஜூலை 1 முதல், இங்கே பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் முகாம் பதிவேட்டில் இருப்பவர்கள். அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

சில வருடம் கழித்து, முகாமுக்கு வெளியே போலீசில் பதிந்து வாழும் ஓர் இலங்கைக் குடும்பம் எங்கள் பின்வீட்டை வாடகைக்குக் கேட்டு வந்தது. அம்மா மறுத்துவிட்டார். தம்பியின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தார்களே என்று அழுத அதே அம்மாதான், "வேண்டாம், நாளைக்குப் போலீஸ் வந்து நிற்கும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவருடைய பயமும் புரிந்தது. அன்று இரவு தம்பி போனில் எல்லாவற்றையும் கேட்டான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அம்மா, எனக்கு இங்கே அறை கொடுத்தவர் என் ஊரைக் கேட்கவில்லை" என்றான்.

மறுவாரம் அவர்கள் குடிவந்தார்கள். அவர்களுடைய போலீஸ் பதிவுத் தாளின் நகலைத் தம்பியின் பழைய பாஸ்போர்ட்டோடு சேர்த்து ஒரே டிரங்குப் பெட்டியில் அம்மா பூட்டி வைத்திருக்கிறார்.