இருபது மணித்தியாலத்தில் என்ன கற்பிக்கலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

கொழும்பில் வெள்ளவத்தை தொடங்கிக் கொட்டாஞ்சேனை வரை மன்ற மண்டபங்களிலும் கோயில் மண்டபங்களிலும் வார இறுதியில் சித்திர வகுப்பு எடுக்கப் போகிறவர்களுக்கும், அவற்றை நடத்துகிறவர்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு தவணைக்குப் பத்து வகுப்பு, வகுப்புக்கு இரண்டு மணித்தியாலம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் இருபது. அதில் ஒரு நாள் போயாவில் போய்விடலாம். ஒரு நாள் மழையில் பாதிப் பேர் வர மாட்டார்கள். இன்னொரு நாள் மண்டபத்தைக் கல்யாணத்துக்குக் கொடுத்திருப்பார்கள். முழுநேரக் கல்லூரி பல ஆண்டுகளில் கொடுப்பதைச் சுருக்கி இந்த நேரத்துக்குள் அடைக்கப் பார்ப்பதுதான் பகுதிநேர ஆசிரியர் விடும் பெரிய பிழை. ஒரு வாரம் பென்சில், அடுத்த வாரம் நீர்வர்ணம், பிறகு உருவப்படம், அதற்குப் பிறகு நிலக்காட்சி என்று தொட்டுக்கொண்டே போனால், தவணை முடிவில் பிள்ளையின் கையில் பத்துத் தாள் இருக்கும். அதில் ஒன்றையாவது தனியே திரும்பச் செய்ய வராது. ஒரு தவணைக்குப் பென்சில் அல்லது நீர்வர்ணம் என்று ஒரு ஊடகம், ஒரு வகுப்புக்கு ஒரு விஷயம் போதும். அதுவும் அன்றைக்கே முடிகிற விஷயமாக இருக்க வேண்டும். வீட்டில் ஒரு 2B பென்சிலும் கொப்பியும் மட்டும் இருந்தாலும் பழகக் கூடியதாகவும் இருக்க வேண்டும்.

நூற்றிருபது நிமிடத்தை நான் பிரிக்கச் சொல்வது இப்படி: மேசை ஒழுங்கு செய்யப் பத்து, ஆசிரியர் செய்துகாட்டப் பதினைந்து, மாணவர் வேலை அறுபது, எல்லாத் தாளையும் சுவரில் வைத்துப் பேச இருபது, கழுவித் துடைக்கப் பதினைந்து. மாணவர் தொகையையும் இந்த அறுபது நிமிடமே தீர்மானிக்கிறது. ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றால் பன்னிரண்டு பேருக்குத்தான் நேரம் இருக்கிறது. பதினெட்டுப் பேரைச் சேர்த்தால் ஆறு பேரின் கதிரைக்குப் பக்கத்தில் அன்றைக்கு யாரும் போய் நிற்கப் போவதில்லை. அப்படி விடுபடுவது அநேகமாகப் பேசாமல் இருக்கும் பிள்ளைதான். கட்டணம் சேர வேண்டும் என்று தொகையைக் கூட்டும் நிர்வாகிகள் இதை யோசிக்க வேண்டும்.

செய்துகாட்டும்போது பேச்சைக் குறையுங்கள். கை நடக்கும்போது வாயும் நடந்தால் மாணவர் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள், கையைப் பார்க்க மாட்டார்கள்.

முதல் தவணைக்குப் பென்சிலும் நிலைப்பொருளும் நல்லது. வெளியில் எதையும் தேட வேண்டாம். ஒரு செவ்விளநீர், ஒரு செம்பு, ஒரு சிரட்டை, அடியில் ஒரு வெள்ளைத் துணி. ஆனால் வெளிச்சம் சரியாக அமைய வேண்டும். மண்டபங்களில் மேலே நான்கு ரியூப் லைற் எரியும். செம்புக்கு நான்கு மங்கல் நிழல் விழும். எதை வரைவது என்று தெரியாமல் பிள்ளை நிழலையே விட்டுவிடும். பொருளுக்கு மேலுள்ள லைற்றை அணைத்து, இடப்பக்கம் சற்று உயரத்தில் ஒரேயொரு மேசை விளக்கை வையுங்கள். அடுத்த வாரமும் அதே படம் தொடருமானால் கதிரைக் கால்கள் நிற்கும் இடத்தையும் பொருள்களின் அடியையும் சோக்கால் குறித்துவிடுங்கள். ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாலும் படம் மாறிப் போகும்.

செம்பு வரையும்போது எல்லோரும் ஒரே இடத்தில்தான் தவறுவார்கள். வாயை வளைவாகப் போட்டுவிட்டு அடியை நேர்கோடாக இழுப்பார்கள். செம்பு மேசையில் தட்டையாக நிற்பது தெரியும் அல்லவா, அந்த அறிவு கண்ணை மறைத்துவிடுகிறது. வாயும் அடியும் இரண்டும் வட்டங்கள். பக்கத்திலிருந்து பார்க்கும்போது இரண்டும் நீள்வட்டமாகத் தெரியும். கண்மட்டத்திலிருந்து கீழே போகப் போக அந்த நீள்வட்டம் அகலமாகத் திறக்கும். ஆகவே அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இதை வாயால் விளக்கி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். ஒரு கண்ணாடிக் கிளாசில் பாதிவரை தண்ணீர் ஊற்றிக் கண்மட்டத்துக்கு உயர்த்துங்கள்: தண்ணீரின் மேற்பரப்பு ஒரு கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்குங்கள்: கோடு திறந்து வட்டமாகும். பிறகு ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

பொருளுக்கு நேரே பென்சிலைப் பிடித்து அதன் உயரத்தை அளப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கையை முழுதாக நீட்டி, முழங்கையைப் பூட்டி, ஒரு கண்ணை மூடி அளக்க வேண்டும். முழங்கை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவு மடிந்தால் ஒரே செம்புக்கு மூன்று உயரம் வரும். ‘எவ்வளவு அளந்தும் சரிவரவில்லை’ என்று சொல்லும் மாணவரின் தாளைப் பார்ப்பதற்கு முன் முழங்கையைப் பாருங்கள்.

இனி நீர்வர்ணம். கொழும்பின் காற்று நீர்வர்ணத்தோடு ஒத்துப்போவதில்லை. கடற்கரைப் பட்டணம், ஈரப்பதன் கூட. பூசிய வர்ணம் காய நேரம் எடுக்கும், பொறுமை அதற்குள் போய்விடும். அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் ஈரத் தூரிகை பட்டதும் புதிய தண்ணீர் பழைய வர்ணத்தை ஓரத்துக்குத் தள்ளிப் பூக்கோவா விளிம்பைப் போல ஒரு கறையை விட்டுவிடும். எப்போது தொடலாம் என்பதைத் தாளின் மினுக்கமே சொல்லும். தாளைச் சாய்த்துப் பார்த்தால் பளபளவென்று இருக்கிறதா, இன்னொரு வர்ணத்தை விடலாம். மினுக்கம் மங்கிக்கொண்டு வருகிறதா, கையை எடுத்துவிடுங்கள். கறை விழுவது இந்தக் கட்டத்தில்தான். மினுக்கமே இல்லையென்றால் புறங்கையை மெல்ல வையுங்கள். குளிராக இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. மின்விசிறியை ஒரு பக்கமிருந்து அடிக்க விட்டால் அந்தப் பக்கம் முதலில் காய்ந்து கோடு விழும். கூரை விசிறியை மெதுவாகச் சுழலவிடுவது நல்லது.

தாளின் கனம் 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீற்றருக்கு 300 கிராம், இருக்க வேண்டும். சாதாரணச் சித்திரக் கொப்பித் தாள் நனைந்ததும் நார் ஊதி அலை அலையாக எழும்பும், வர்ணம் பள்ளத்தில் தேங்கும். பிள்ளை தன் கையைக் குறை சொல்லும்; குறை தாளில். நல்ல தாள் விலைதான். ஆனால் ஒரு A3 தாளை வெட்டினால் நான்கு A5 துண்டு வரும். பன்னிரண்டு பேரின் பயிற்சிக்கு மூன்று தாள் போதும். பெரிய மலிவான தாளைவிடச் சிறிய நல்ல துண்டில் கூடுதலாகக் கற்கலாம். வாங்கிய தாளை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், நிலத்திலும் வெளிச்சுவரிலும் படாமல் வையுங்கள். ஈரத்தில் கிடந்த தாளின் பசைப்பூச்சு கெட்டுவிடும். சோதிக்க ஒரு மூலையில் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். துளி நிற்காமல் உடனே ஊறிக் கறுத்தால் அந்தத் தாள்களைப் பென்சில் வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

வர்ணம் கலப்பதில் ஊதா வராமல் சேறு வருகிறது என்பது எல்லா வகுப்பிலும் உள்ள முறைப்பாடு. குங்குமச் சிவப்பில் ஏற்கெனவே மஞ்சள் சாயல் உண்டு. அதைப் பச்சைச் சாயலுள்ள நீலத்தோடு சேர்த்தால் மூன்று அடிப்படை வர்ணமும் ஒன்றாகிப் பழுப்புத்தான் வரும். நீலச் சாயலுள்ள சிவப்பான கிரிம்சனையும் சிவப்புச் சாயலுள்ள நீலமான அல்ட்ராமரீனையும் சேர்த்துப் பாருங்கள், சுத்தமான ஊதா கிடைக்கும். தூரிகை கழுவ ஒரு பாத்திரம், வர்ணத்தில் சேர்க்க இன்னொரு பாத்திரம் என்று இரண்டு தண்ணீர் வைத்தால் பாதிச் சேறு அங்கேயே நின்றுவிடும். தூரிகையைத் தண்ணீரில் தலைகீழாக நிற்க விடாதீர்கள். முனை வளையும், உலோக வளையத்துக்குள் உள்ள பசை இளகி மயிர் உதிரும். கழுவியதும் கிடத்திக் காய வையுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாணவரின் தாளில் உங்கள் கையை வைக்காதீர்கள். ஒரு கண்ணைத் திருத்தினால் முகம் முழுவதும் உங்களுடையதாகிவிடும், பிள்ளைக்கும் அது தெரியும். பக்கத்தில் ஒரு கழிவுத் தாளில் வரைந்து காட்டுங்கள், அல்லது மேலே ஒரு ரேசிங் தாளைப் போட்டுத் திருத்துங்கள். காட்டி முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

கலண்டர் படத்தைப் பார்த்து வரைவித்து, அதைச் சட்டம் போட்டுப் பெற்றோரிடம் கொடுத்தால் வகுப்பு நிரம்பும் என்பதும் உண்மை. அந்தப் பழக்கத்தை எதிர்ப்பது இந்த நாட்டில் புதிய காரியம் அல்ல. சித்திரப் பரிசோதகராக இருந்த சாள்ஸ் ஃப்ரீகுறோவ் வின்சரும் அவருக்குப் பின் ஜெஃப்ரி பெய்லிங்கும் பள்ளிக்கூடங்களில் பிள்ளையின் சொந்தப் பார்வைக்கு இடம் கேட்டவர்கள். அந்தப் பெய்லிங்கும் ஹரி பீரிஸ், ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் முதலியோரும் சேர்ந்து 1943 இல் தொடங்கியதுதான் 43 குழு என்ற ஓவியர் குழு. இப்போது சபுமல் நிறுவகமாக இருக்கும் ஹரி பீரிஸின் பார்ன்ஸ் பிளேஸ் வீட்டில் அவர்களின் ஓவியங்கள் இருக்கின்றன. தவணையில் ஒரு வகுப்பை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சுற்றிக் காட்ட வேண்டாம். ஒருவருக்கு ஒரு ஓவியம், இருபது நிமிடம், கொப்பியில் அதன் பெரிய இருட்டு எங்கே, பெரிய வெளிச்சம் எங்கே என்று மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் 1993 முதல் நடந்துவரும் கலா பொல ஓவியச் சந்தையும் நல்ல இடம். ஓவியரிடம் நேரே கேள்வி கேட்கலாம், தமிழிலும் கேட்கலாம்.

க.பொ.த. சாதாரண தரத்துக்குச் சித்திரம் எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோர் புள்ளியைப் பற்றிக் கேட்பார்கள். கேட்கட்டும், நியாயமான கேள்வி. பரீட்சைப் பயிற்சிக்கு வேறு வகுப்பு வையுங்கள்; இதற்குள் கலக்க வேண்டாம்.

சம்பளத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசியே ஆக வேண்டும். மணித்தியாலக் கூலிக்கு ஒத்துக்கொள்ளும் முன் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: ஆயத்த நேரத்துக்குப் பணம் உண்டா, தாளும் வர்ணமும் யார் செலவு, மண்டபம் கிடைக்காமல் வகுப்பு நின்றால் அன்றைய கூலி என்ன. இரண்டு மணித்தியால வகுப்புக்கு ஒழுங்காக ஆயத்தம் செய்ய இன்னொரு மணித்தியாலமாவது போகும். வரைபலகைகளை வைத்துப் பூட்ட ஒரு அலுமாரியும் கேளுங்கள். பன்னிரண்டு பிளைவூட் பலகையோடு நூறாம் இலக்க பஸ்ஸில் ஏறி இறங்குவது வேலையின் பகுதியாக இருக்கக்கூடாது.

அந்த அலுமாரிக்குள் ஒரு கொப்பியும் இருக்கட்டும். அன்றைக்கு என்ன செய்தது, யார் எந்த இடத்தில் நிற்கிறார், எந்த வர்ணம் முடிந்தது என்று வகுப்பு முடிந்ததும் ஐந்து வரி எழுதுங்கள். பகுதிநேர ஆசிரியர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அடுத்து வருகிறவர் அந்தக் கொப்பியைத் திறந்தால் அதே பிள்ளைகளை மறுபடியும் முதல் செம்பிலிருந்து தொடங்க வைக்க மாட்டார்.