வெட்டிய இடத்தில் சாணி பூசலாமா, தார் பூசலாமா?

வணக்கம். இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். அவர் வீட்டு வாசலில் நிற்கும் வேப்பமரத்தில் சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு கிளைகளை ஒரே நாளில், ஒரே ஆள் வெட்டியிருக்கிறார். இரண்டு வெட்டுவாயிலும் பசுஞ்சாணியையும் செம்மண்ணையும் குழைத்து அப்பியிருக்கிறார்கள். இப்போது ஒன்றில் சுற்றிலும் பட்டை உருண்டு வளர்ந்து ஏறக்குறைய மூடிவிட்டது. மற்றொன்றில் கை விரல்கள் நுழையும் அளவுக்குப் பொந்து விழுந்து, மழை பெய்தால் கறுப்பாக நீர் வடிகிறது. சாணிக்குப் பதிலாகத் தார் பூசியிருந்தால் இரண்டும் ஆறியிருக்குமா என்று கேட்கிறார். இரண்டு புண்களையும் படம் பிடித்து அனுப்பியிருப்பதற்காக அவருக்கு என் நன்றி.

பூச்சு ஒன்றாக இருந்தும் விளைவு இரண்டாக இருக்கிறது என்றால், காரணத்தைப் பூச்சில் தேடிப் பயனில்லை. திரையில் தெரியும் முதல் படத்தைப் பாருங்கள். புண்ணைச் சுற்றி வளர்ந்த பட்டை வட்டமாக, எல்லாப் பக்கமும் ஒரே தடிப்பில் இருக்கிறது. இரண்டாவது படத்தில் பட்டை இடமும் வலமும் மட்டும் வளர்ந்திருக்கிறது. மேலும் கீழும் வளரவில்லை, அதனால் புண் நீளவாக்கில் திறந்தே கிடக்கிறது. இந்த வடிவத்தைப் பார்த்தாலே அந்தக் கிளை எப்படி வெட்டப்பட்டது என்று சொல்லிவிடலாம். முதல் கிளை கழுத்துக்கு வெளியே வெட்டப்பட்டது. இரண்டாவது, அடிமரத்தோடு ஒட்ட வழித்து எடுக்கப்பட்டது.

கழுத்து என்று நான் எதைச் சொல்கிறேன் என்பது தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கிளை அடிமரத்திலிருந்து புறப்படும் இடத்தில், குறிப்பாக அடிப்பக்கத்தில், சற்றுப் பருத்துச் சுருக்கம் விழுந்த ஒரு வளையம் இருக்கும். மேற்பக்கத்தில் இரண்டு பட்டைகளும் நெருக்கிக்கொண்டு கரடுமுரடான கறுத்த கோடு ஒன்று எழும்பி நிற்கும். மரத்தில் உட்கார்ந்திருக்கும்போது இலை மறைத்துக் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், கிளையின் அடிப்பக்கமாக விரலை அடிமரத்தை நோக்கி ஓட்டிக்கொண்டே வந்தால், வழவழப்பு முடிந்து சொரசொரப்பு தொடங்கும் இடம் கைக்குத் தெரியும். ரம்பத்தை அந்த இடத்துக்கு வெளியே வைக்க வேண்டும். அந்த வளையம் கிளையைச் சேர்ந்ததில்லை, அடிமரத்தைச் சேர்ந்தது. கிளை போனபின் அழுகலை உள்ளே விடாமல் தடுக்கும் திசு அதற்குள்தான் இருக்கிறது. ஒட்ட வழித்து வெட்டுகிறவர் காவல்காரனையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்.

மரம் தன் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை, அடைத்துக்கொள்கிறது என்று பல முறை சொல்லியிருக்கிறேன், இன்றும் சொல்கிறேன். நம் கையில் வெட்டுப்பட்டால் கெட்ட தசை போய்ப் புதுத் தசை அதே இடத்தில் வருகிறது. மரத்தில் அழுகிய கட்டை அழுகியதுதான். மீண்டும் நல்ல கட்டை ஆகாது. அதைச் சுற்றித் தடுப்பு எழுப்பி, அதற்கு வெளியே புதுக் கட்டையை வளர்த்துக்கொண்டு மரம் பிழைக்கிறது. அமெரிக்க வனத்துறையில் மர நோய்களை ஆராய்ந்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலி ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்து பார்த்து இதை விளக்கினார். அவர் நான்கு தடுப்புகளைச் சொல்கிறார். மேலும் கீழும் அழுகல் ஓடாமல் தடுப்பது முதலாவது. நான்கிலும் வலுக் குறைந்தது அதுதான். உள்நோக்கிப் போவதைத் தடுப்பது இரண்டாவது, பக்கவாட்டில் பரவாமல் தடுப்பது மூன்றாவது. காயம் பட்டபின் புதிதாக உருவாவது நான்காவது. அதுவே எல்லாவற்றிலும் வலுவானது. பொந்து பெரும்பாலும் நெடுக ஓடுவது ஏன், நடுவில் கூடாகிப்போன புளியமரம் ஆண்டுதோறும் காய்ப்பது எப்படி என்ற இரண்டுக்கும் இதில் விடை இருக்கிறது.

பூச்சைப் பற்றியும் அவர் சோதித்தார். சிவப்பு மேப்பிள், அமெரிக்க எல்ம் என்ற மரங்களின் காயங்களில் பூச்சுகளைத் தடவி ஐந்து ஆண்டுகள் கழித்து அறுத்துப் பார்த்ததில், பூசிய காயத்துக்கும் பூசாத காயத்துக்கும் அழுகலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இந்த முடிவு 1977-இல் வெளிவந்தது. தார் காய்ந்து வெடித்தபின் அந்த வெடிப்பு வழியாக நீர் இறங்கித் தங்குவதை நான் மரத்தில் ஏறிய இடங்களிலெல்லாம் பார்க்கிறேன். மா, மாதுளைத் தோட்டங்களில் கவாத்து செய்தபின் மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் பத்து லிட்டர் சேர்த்துப் போர்டோ பசை தடவுகிறார்கள். அது பூஞ்சைக் கொல்லி. குறிப்பிட்ட நோய்க்காகத் தடவுவது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தப்பாக வெட்டிய வெட்டை அதுவும் சரிசெய்யாது.

காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்தில் வேம்பு கழித்துக்கொண்டிருந்தபோது, கீழே ஆட்டுக்குட்டிகளுக்குத் தழை பொறுக்கிக்கொண்டிருந்த பாட்டி, “ஏங்கண்ணு, மஞ்சப்பத்துப் போட்டா மரத்துக்கு வலி குறையாதா?” என்று கேட்டார். “பத்து வேண்டாங்காத்தா, பட்டை உரியாம இறக்குனாப் போதும்” என்றேன். அந்த அம்மையாரின் அக்கறையை நான் மதிக்கிறேன். அந்த அக்கறை வெட்டுவதற்கு முன்பே வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இங்கே தென்னையைத் தனியாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை பக்கத்துத் தோப்புகளில் தென்னையின் காயத்தில் தாரோ சிமெண்டோ வைத்து அடைப்பது சரியான வேலை. தென்னைக்குப் பட்டைக்கடியில் வளரும் அடுக்கே கிடையாது. ஏறுவதற்காக இளமையில் கொத்திய படி, மரம் சாயும் வரைக்கும் அப்படியே நிற்கும். அந்தக் காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். புழு உள்ளே குடைந்துவிட்டால், குருத்து வாடும் வரை வெளியே தெரியாது. அதனால்தான் பச்சை மட்டையை வெட்டாதீர்கள், வெட்டியே ஆகவேண்டுமென்றால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர், அதாவது நான்கடி மட்டை விட்டு வெட்டுங்கள் என்கிறார்கள். வேம்பிலும் புங்கத்திலும் தார் பூசும் பழக்கம் தென்னந்தோப்பிலிருந்து வந்திருக்கலாம் என்பது என் எண்ணம். தென்னைக்குப் பொருந்துவது வேம்புக்குப் பொருந்தாது.

பட்டை உரியாமல் இறக்குவது என்றேன். மூன்று வெட்டு முறையைத் தனியாக ஒரு முறை காட்டியிருக்கிறேன். அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கீழிருந்து மேலாகக் கிளையின் மூன்றில் ஒரு பங்கு வரை அறுக்க வேண்டும். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை முறிந்து விழுந்துவிடும். பாரம் போனபின், மீந்த கட்டையைக் கழுத்துக்கு வெளியே அறுக்க வேண்டும். மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால், கிளை தொங்கும்போது பட்டை அடிமரத்தில் நெடுக உரிந்துகொண்டு போகும். கீழே ஓட்டுக்கூரையோ மின்கம்பியோ இருந்தால், மேலே தடிமனான கவையில் கயிற்றைப் போட்டு, கிளையைக் கட்டித்தான் இறக்க வேண்டும். அரிவாள் சிறு வாதுகளுக்குப் போதும். மணிக்கட்டை விடத் தடித்த கிளைக்குக் கைரம்பம் எடுத்துப் போங்கள்.

இவ்வளவும் கேட்டதற்குப் பதில். கேட்டிருக்க வேண்டும் என்று நான் நினைக்கும் கேள்வி, அந்த இரண்டு கிளைகளையும் வெட்டத்தான் வேண்டியிருந்ததா என்பது. வைகாசி பிறந்தால் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை, “ஆடிக்காத்து வருதுங்க, மரத்தை மொட்டையடிச்சுக் குடுங்க” என்பதுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றின் வேகம் பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகள் நிற்பதிலேயே தெரியும்; அச்சம் நியாயமானது. ஆனால் மொட்டையடித்த மரம் பட்டினியில் அவசரமாகத் துளிர்விடுகிறது. அந்தத் துளிர்கள் வெளிப்புறக் கட்டையில் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பவை. சில ஆண்டுகளில் கனமான கிளைகளாகி, அதே ஆடிக்காற்றில் பிய்ந்து விழுகின்றன. மறுபடியும் மொட்டை, மறுபடியும் துளிர். அதற்குப் பதிலாகக் காய்ந்ததையும், ஒன்றோடொன்று உரசுவதையும், ஓட்டின்மேல் நீண்டு கனப்பதையும் மட்டும் தேர்ந்து, சிறு கிளையாக இருக்கும்போதே வெட்டினால் மரம் சிறிய புண்ணை விரைவில் மூடிவிடும். இதற்கு ஏறுகிறவருக்கு நேரம் கூடுதலாகும், கூலியும் கூடும். அதைக் கொடுங்கள் என்று தயங்காமல் சொல்கிறேன்.

கோபி அன்பரே, பொந்தில் சிமெண்ட் கொட்டாதீர்கள். உள்ளே அழுகலை நல்ல கட்டை வரை சுரண்டாதீர்கள். மரம் எழுப்பிய தடுப்பு உடைந்துபோகும். நீர் வடியட்டும் என்று கீழே துளையும் போடாதீர்கள். அரிவாளின் முதுகால் பொந்துக்கு மேலும் கீழும் தட்டிப் பாருங்கள். எதுவரை கூடான ஓசை வருகிறதோ, அங்கே சாக்கட்டியால் கோடு போட்டுப் படம் எடுத்து வையுங்கள். அடுத்த சித்திரையில் மறுபடி தட்டி, கோடு நகர்ந்திருந்தால் எனக்கு அனுப்புங்கள். அதுவரை அந்தப் பக்கத்துக் கிளையில் ஊஞ்சல் கட்ட வேண்டாம்.