தங்கத் தகட்டுக்கு மேலே ஓர் அணு

நேயர்களுக்கு வணக்கம். சிப் என்றதும் கைப்பேசிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள்தான் நினைவுக்கு வரும். நான் செய்யும் சிப்பில் டிரான்சிஸ்டர் ஒன்றுகூட இல்லை. விரல் நகம் அளவுத் துண்டு, மேலே தங்கம் பூசிய மின்முனைகள், அவ்வளவுதான். அந்தத் தங்கத்துக்கு மேல், ஒரு தலைமுடியின் பருமன் அளவு உயரத்தில், ஒற்றை அணு எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். மின்னேற்றம் பெற்ற அணுவை அயனி என்பார்கள், அதனால் இதற்கு அயனிப் பொறி என்று பெயர். அந்த அணுதான் குவாண்டம் கணினியின் ஒரு கியூபிட், அதாவது அதன் தகவலின் அடிப்படை அலகு.

எப்படி நிற்கிறது? மாறாத மின்புலத்தால் மட்டும் அதைப் பிடித்துவைக்க முடியாது. ஒரு பக்கம் தடுத்தால் இன்னொரு பக்கம் நழுவும். பாட்டி முறத்தில் அரிசி புடைத்தது ஞாபகம் இருக்கிறதா? முறத்தைச் சாய்த்துப் பிடித்தால் அரிசி கொட்டிவிடும், விடாமல் அசைத்தால் உள்ளேயே துள்ளும். ஏறக்குறைய அப்படித்தான். மின்னழுத்தத்தை நொடிக்குப் பல கோடி முறை மாற்றுகிறோம். அணு நழுவுவதற்குள் திரும்ப இழுக்கப்படுகிறது. ஜெர்மனியின் வோல்ஃப்காங் பால் 1950களில் கண்ட வழி இது. 1989 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

அவர் காலத்துப் பொறி கனமான உலோகத் துண்டுகளால் ஆனது. அதை ஒரே தளத்தில் விரித்துச் சிப்பாக்கியதும் வேஃபர் வேலை, அதாவது சிலிக்கான் தகட்டில் சிப் செய்யும் வேலை, தெரிந்தவர்களுக்கு இங்கே இடம் வந்தது. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ், தெம்பனிஸ் பக்கம் அந்த வேலை தெரிந்த நம்மவர்கள் எத்தனை பேர்! சிப்பின் ஓரத்து இணைப்புக் கம்பிகள், அணுவை ஒளிரவைத்து இயக்கும் லேசர் ஒளியின் வழியை மறைக்கும். அதனால் சிலிக்கானைச் செங்குத்தாகத் துளைத்து, செம்பு நிரப்பி, இணைப்பை அடிப்பக்கம் கொண்டுபோகிறார்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

என் தலைவலி வேறு. இரண்டு மின்முனைகளுக்கு நடுவே சில மைக்ரான் இடைவெளிதான். ஒருமுறை மூன்று வார வேலைக்குப் பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஓர் இடைவெளியில் பிசிறாக ஒரு தங்கத் துணுக்கு, பாலம் போல. மின்னழுத்தம் கொடுத்தால் ஷார்ட் ஆகிவிடும். சிப் வீண். அன்று மதியம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

பிசிறு இல்லாவிட்டாலும் அழுக்கு இருக்கிறது. தங்கத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத கரிமப் படலம் படிந்தாலே அணு சூடேறி அதிரத் தொடங்கும், கணக்கு கெடும். நம் ஊர்க் காற்றின் ஈரம் வேறு. சிப்பை வைக்கும் வெற்றிடக் கலனைத் திறந்தால் சுவரெல்லாம் நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு பல நாள் சூடாக்கி, பம்ப் போட்டுத்தான் வெற்றிடம் கிடைக்கும்.

அதெல்லாம் சரியாக அமைந்த ஒரு நாள், இரவு பதினொன்றரை மணி. கேமராத் திரையில் ஒரு புள்ளி மினுங்கியது. ஒரே ஓர் அணு. லேசரை மூடினேன், மறைந்தது. திறந்தேன், அதே இடத்தில் இருந்தது. அப்புறம் நான் வீட்டுக்குப் போக வெகுநேரம் ஆயிற்று.