நெல்லுக்குக் குளிர்வது எப்படித் தெரிகிறது?

[காட்சி: வீவக வீட்டுச் சமையலறை. பிரிட்ஜ் கதவு திறக்கிறது.]

தேக்காவில் வாங்கிய வாழைப்பழத்தைப் பிரிட்ஜில் வைத்தேன். சில நாளில் தோல் கறுத்துவிட்டது. பக்கத்திலேயே இருந்த கேரட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாழை வெப்பமண்டலப் பயிர். 13 டிகிரிக்குக் கீழே போனால் அதற்கு ஆகாது.

[காட்சி: இரண்டு சின்ன பாட்டில்கள்.]

காரணம் இதில் இருக்கிறது. பிரிட்ஜில் வைத்தால் தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடும்; நல்லெண்ணெய் ஓடும். செடியின் ஒவ்வொரு செல்லையும் கொழுப்பால் ஆன மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. குளிரில் அது இறுகினால் உள்ளே இருப்பது கசியும், செல் சாகும். குளிர் தாங்கும் செடிகள் தங்கள் மரபணுக்களின் உதவியால் அந்தக் கொழுப்பை நல்லெண்ணெய் போல இளக்கமாக மாற்றிக்கொள்கின்றன. ஆனால் குளிர் வந்துவிட்டது என்று முதலில் தெரிய வேண்டுமே!

[காட்சி: கடையில் அரிசி அடுக்கு. இட்லி அரிசி, அதன் பக்கத்தில் ஜப்பானிய அரிசி.]

இட்லி அரிசி இண்டிகா வகை. ஜப்பானிய அரிசி ஜப்பானிகா. குளிரை நன்றாகத் தாங்கும். 2015ல் சீன ஆய்வாளர்கள் நெல்லில் ‘கோல்ட்1’ என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அது உண்டாக்கும் புரதம் சவ்விலேயே இருக்கிறது. குளிர் பட்டதும் செல்லுக்குள் கால்சியம் பாய அது உதவுகிறது. அதுதான் அபாய மணி. ஜப்பானிகாவின் கோல்ட்1 மரபணுவில் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து வேறாக இருக்கிறது. அதன் குளிர் தாங்கும் திறனில் அந்த ஓர் எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

மணி அடித்ததும் ‘சிபிஎஃப்’ மரபணுக்கள் விழிக்கின்றன. ஆய்வகச் செடியான அராபிடாப்சிஸில் அதற்கு 15 நிமிடமே போதும்! கால் இல்லாத ஓர் உயிர் இவ்வளவு வேகமாகத் தயாராவது எனக்கு இன்னமும் வியப்புதான். சிபிஎஃப் ஒரு மேஸ்திரி மாதிரி. சவ்வைக் காக்கும் புரதங்களையும் சர்க்கரைகளையும் செய்யும் மரபணுக்களை அது வேலைக்கு இறக்குகிறது.

அப்படியானால் மேஸ்திரியை எப்போதும் விழித்திருக்க வைத்தால்? வைத்துப் பார்த்தார்கள், செடி குள்ளமாகிவிட்டது. 1999ல் ஜப்பானியக் குழு ஒன்று, நெருக்கடி வரும்போது மட்டும் இயங்கும் சுவிட்ச் ஒன்றை அந்த மேஸ்திரி மரபணுவோடு இணைத்தது. செடி ஏறக்குறைய வழக்கம்போல வளர்ந்தது. சரியான பாதை இதுதான் என்பேன்.

[காட்சி: தொண்டைக்கதிர்ப் பருவத்து நெல். கதிர் இன்னும் இலை உறைக்குள்ளேயே இருக்கிறது.]

நெல் குளிருக்கு மிகவும் அஞ்சுவது இந்தப் பருவத்தில். இப்போது குளிர்ந்தால் மகரந்தம் மலடாகும், நெல்மணி பதராகும். 1993ல் ஜப்பானில் கோடையே குளிர்ந்துவிட்டது. ஜப்பானிகா நெல்லாலும் தாங்க முடியவில்லை. விளைச்சல் படுத்து, தாய்லாந்திலிருந்து இண்டிகா அரிசியை இறக்கினார்கள்.