இடிபடும் முகப்புகளும் சுதைச் சிற்பங்களும்

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நாடு விடுதலை பெற்றதற்குப் பின் வந்த முப்பது ஆண்டுகளில் கொங்கு நாட்டில் எழுந்த வீடுகள், ஆலைகள், திரையரங்குகள் ஆகியவற்றின் முகப்பில் சிமெண்டால் செய்த புடைப்புச் சிற்பங்களை இன்றும் ஆங்காங்கே காணலாம். மாடியின் கைப்பிடிச் சுவரில் 1952 என்றோ 1961 என்றோ ஆண்டைப் பொறித்து, இருபுறமும் மயிலோ யானையோ அமைத்து, சில இடங்களில் தடியூன்றிய காந்தியையும் சேர்த்திருப்பார்கள். ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், கம்பியை வளைத்து, வலை சுற்றி, கலவை அப்பி, அது இறுகுமுன் கரண்டி முனையால் தோகையை இழை இழையாகக் கீறியிருக்கும் கைத்திறன் தெரியும்.

அந்தக் கட்டடங்கள் இப்போது வணிக வளாகங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் இடம்விட்டு வருகின்றன. இடிக்கும் வேலையை எடுப்பவர் முதலில் சுற்றிப் பார்த்து, தேக்கு நிலை, கதவு, இரும்பு கர்டர், சீமை ஓடு என ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை போட்டுக்கொண்டுதான் ஒப்பந்தம் பேசுகிறார். செங்கல்லைக்கூடத் தட்டிச் சுத்தம் செய்தால் விற்றுவிடலாம். சிற்பத்துக்கு மட்டும் அந்தக் கணக்கில் இடமில்லை. யாருக்கும் அதன்மேல் பகை கிடையாது; வாங்க ஆளில்லை, அவ்வளவுதான்.

சட்டமும் பெரிதாக உதவுவதில்லை. 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டம் நூறாண்டு கடந்தவற்றையே கருத்தில் கொள்கிறது. அறுபது வயதுச் சிற்பம் அந்த வயதை எட்டும்வரை நிற்க வேண்டுமே! பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு ஒரு வழியைத் தருகிறது; தம் படைப்பைச் சிதைப்பதை எதிர்த்து வழக்காடும் உரிமை அது. டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் 140 அடி நீளத்தில் அமைத்த வெண்கலச் சுவர்ச் சிற்பம், 1979இல் புதுப்பிப்பு வேலையின்போது கழற்றப்பட்டுக் கிடங்கில் போடப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில் 2005இல் தீர்ப்பளித்த டெல்லி உயர் நீதிமன்றம், எஞ்சிய பகுதிகளை அவரிடமே ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் ஆணையிட்டது. ஆனால் அந்த உரிமை படைத்தவருக்கும் அவருடைய சட்டப்படியான பிரதிநிதிக்கும் உரியது. நம் ஊர் மயிலைச் செய்த கொத்தனார் தம் பெயரை எங்கும் பொறிக்கவில்லையே, அவருக்காக யார் வழக்காடுவது?

பெயரும் புகழும் இருந்தால்கூடக் காப்பு உறுதியில்லை. வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரில், 1839ஆம் ஆண்டுத் தொழிலாளர் எழுச்சியைச் சித்திரித்து 1978இல் கென்னத் பட் அமைத்த 35 மீட்டர் நீள மொசைக் சுவர், கடைவீதி வளாகம் ஒன்றுக்காக 2013 அக்டோபரில் தகர்க்கப்பட்டது. அதே ஆண்டில் லண்டனில் வேறுவிதமாக நடந்தது. தொலைபேசித் துறைக் கட்டடத்தின் வெளிச்சுவரில் டோரதி அன்னான் 1960இல் பதித்த ஒன்பது பீங்கான் ஓவியப் பலகைகளுக்கு 2011இல் பாதுகாக்க வேண்டிய மரபுச் சின்னம் என்ற தகுதி கிடைத்திருந்ததால், அவற்றைப் பெயர்த்தெடுத்து அந்நகரின் பார்பிகன் குடியிருப்பு வளாகத்தில் பதித்தார்கள்.

பெயர்ப்பது நம் ஆட்களுக்கும் கைவராத வேலையன்று. சிற்பத்தின் முகத்தில் துணியைப் பசையிட்டு ஒட்டி, பலகைச் சட்டத்தால் தாங்கல் கொடுத்து, பின்புறச் செங்கல்லோடு சேர்த்துக் கட்டிங் மெஷினால் அறுத்துக் கிரேன் மூலம் இறக்கலாம். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, கலவை வெடித்திருந்தால் அது தாங்காது. அப்போது அளவெடுத்து, படம் பிடித்து, முடிந்தால் அச்செடுத்து வைப்பதோடு நிற்க வேண்டியதுதான். எதுவானாலும் ஜேசிபி வருவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். ஆகவே, இடிப்பதற்கு அனுமதி கேட்கும் விண்ணப்பத்தோடு முகப்பின் ஒளிப்படத்தையும் இணைக்குமாறு உள்ளாட்சி அமைப்புகள் கேட்கலாம். சிற்பம் இருப்பது தெரிந்தால், அருகிலுள்ள அரசுக் கல்லூரிக்கோ அருங்காட்சியகத்துக்கோ தகவல் சொல்லிப் பதினைந்து நாள் அவகாசம் தரலாம்.

நன்றி, வணக்கம்.