தொட்டி இல்லாத தண்ணீர் லாரி

(வியாசர்பாடியில் ஒரு படிப்பகத்தில் பேசியது)

முன்வரிசையில் இருக்கும் அம்மாக்களுக்கு 2019 கோடை மறந்திருக்காது. ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே! 50 வேகன், நடைக்கு 25 லட்சம் லிட்டர். இன்று பேசப்போவது செவ்வாய்க் கிரகத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவதைப் பற்றி. அந்தக் கிரகம் முழுக்க ஒரு மீட்டர், அதாவது இடுப்பளவு தண்ணீர் நிற்க வேண்டுமென்றால், அந்த ரயில் சுமார் 5,800 கோடி நடை அடிக்க வேண்டும்.

இங்கிருந்து ஏற்றுவது ஆகாத காரியம். நம் எல்.வி.எம்.3 ராக்கெட் தாழ்வான சுற்றுப்பாதைக்கே சுமார் 8 டன்தான் தூக்கும். உங்கள் தெருவுக்கு வரும் 9,000 லிட்டர் லாரித் தண்ணீர்கூட முழுசாக ஏறாது.

அதனால்தான் பனியும் தூசியும் சேர்ந்த கட்டியான வால்மீனையே செவ்வாய்க்குத் தள்ளிக்கொண்டு போகும் யோசனை. 2014-இல் ரோசெட்டா விண்கலம் போய்ச் சேர்ந்த 67பி வால்மீனின் எடை சுமார் 1,000 கோடி டன், தூசியும் சேர்த்துத்தான். இதற்குத் தொட்டி எதற்கு? பனிக்கட்டியே கப்பல். அதன்மேல் ஓர் அணு உலையை வைத்து, பனியை ஆவியாக்கிப் பின்பக்கம் பீய்ச்சினால் நகரும். இட்லிப் பானை மூடியைத் தூக்கும் அதே ஆவிதான்.

ஆவி நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுவதாக வையுங்கள். வால்மீனின் வேகத்தையும் அதே அளவு மாற்ற, சரக்கில் 63 சதவீதம் வழியிலேயே தீர்ந்துவிடும். நீள்வட்டப் பாதையின் கடைக்கோடியில், மெதுவாக ஊர்கிறபோது தள்ளினால் செலவு குறையும். ஆனால் நெப்டியூன் தொலைவிலிருந்து விழுந்து வர 30 வருடம். லாரிக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தவர்கள்தான் நாம், இருந்தாலும் இது கொஞ்சம் அதிகம்.

எனக்குத் தூக்கம் கெடுவது வேறு விஷயத்தில். 67பி கெட்டிப் பாறை இல்லை. தண்ணீரில் ஏறக்குறைய பாதி அடர்த்தியே உள்ள பொலபொலத்த கட்டி. அழுத்தித் தள்ளினால் உதிரும். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை சுழலவும் செய்கிறது. ஒரே இடத்தில் எஞ்சினை வைத்து ஓயாமல் பீய்ச்சினால் எல்லாத் திசையிலும் தள்ளி ஒன்றுமில்லாமல் போகும். சரியான பக்கம் திரும்பும் நேரம் மட்டும் பீய்ச்ச வேண்டும். வலை போட்டுக் கட்டி, வெயில் படாமல் போர்த்தவும் வேண்டும்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "அண்ணே, செவ்வாயிலயே பனி இருக்காமே?"

இருக்கிறது தம்பி. தென்துருவப் பனியை உருக்கினாலே கிரகம் முழுக்க 11 மீட்டர் நிற்கும் என்கிறது ராடார் கணக்கு. உருக்கச் சூடுதான் இல்லை. நொடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் ஒரு டன் வால்மீனின் ஆற்றல், வீணாகாமல் கிடைத்தால், சுமார் நூறு டன் பனியை உருக்கும். நானாக இருந்தால் தண்ணீருக்காக இல்லை, அடுப்புக்காகத்தான் வால்மீனைக் கொண்டுவருவேன்.